பிள்ளை ஒரு மதக்குழுவின் பிடிக்குள் போய்விட்டால்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் தம்பி 21 வயதில் ஒரு மதக்குழுவில் சேர்ந்தான். ஆறு வருடம் அங்கேயே இருந்தான். அந்த ஆறு வருடமும் அம்மாவும் அப்பாவும் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அவன் திரும்பி வந்த பிறகு, இதே நிலையில் இருக்கும் பெற்றோர் ஒவ்வொருவராக என்னிடம் வந்து பேச ஆரம்பித்தார்கள். அவரவர் மதம் வேறு, குழு வேறு. கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. அவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் மனநல மருத்துவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. எங்கள் வீட்டில் நடந்தது, மற்ற பெற்றோர் சொன்னது, இதைப் பற்றித் தேடிப் படித்தது ஆகியவற்றை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

என் பையன் திடீர்னு ரொம்பப் பக்தியா மாறிட்டான். இதுக்கெல்லாம் பயப்படணுமா?

பக்திக்காகப் பயப்பட வேண்டாம். இளவயதில் கடவுள் மீது தீவிரமாக நாட்டம் வருவது புதிதல்ல. உடை மாறலாம், பழக்கம் மாறலாம், நீங்கள் கும்பிடாத சாமியை அவன் கும்பிடலாம். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதாலேயே அது ஆபத்து ஆகிவிடாது.

அவனிடம் என்ன புதிதாக வந்திருக்கிறது என்பதைவிட, அவனை விட்டு என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய நண்பர்கள் போய்விட்டார்களா? தூக்கம் போய்விட்டதா? படிப்பு, வேலை, பிடித்த பாட்டு, சிரிப்பு? ஒன்றிரண்டு குறைவது இயல்பு. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாகக் கரைந்துகொண்டிருந்தால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

அப்போ எது சாதாரணப் பக்தி, எது பிடியில சிக்கினது? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நான் எல்லோரிடமும் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் பிள்ளை அங்கே ஒரு விஷயத்துக்கு "முடியாது" என்று சொன்னால் என்ன ஆகும்? "சரி, அடுத்த வாரம் வா" என்று விட்டுவிடுவார்களா? அல்லது அவமானப்படுத்துவார்களா, பல பேர் சூழ்ந்து பேசி மனதை மாற்றுவார்களா, சாபம், நரகம், குடும்பத்துக்குக் கேடு என்று பயமுறுத்துவார்களா? இது ஒன்றிலேயே பாதி தெரிந்துவிடும். தலைவரைக் கேள்வி கேட்கலாமா, விலகிப்போனவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள், சேரும்போதே எல்லாவற்றையும் சொன்னார்களா இல்லை படிப்படியாகத்தான் தெரியவந்ததா என்பதையும் கவனியுங்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், சீனாவில் "சிந்தனைச் சீர்திருத்தம்" என்ற பெயரில் நடந்தவற்றுக்கு ஆளாகி வெளியே வந்தவர்களிடம் நேரில் பேசி, 1961-இல் எட்டு அடையாளங்களை எழுதினார். வெளியுலகத் தொடர்பைக் குறைப்பது, குற்றங்களை ஒப்புக்கொள்ளச் சொல்லிக்கொண்டே இருப்பது, சிந்தனையை மூடிவிடும் தனிச் சொற்களைப் பழக்குவது, சொந்த அனுபவத்தைவிடக் கோட்பாடே உண்மை என்பது, உள்ளே இருப்பவருக்குத்தான் வாழத் தகுதி என்பது ஆகியவை அதில் வருகின்றன. அவர் பேசியது அரசியல் பற்றி. ஆனால் அந்தப் பட்டியலைப் படித்தபோது என் தம்பியை யாரோ மறைந்திருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. எந்த மதம், எந்தச் சாமி என்பது அதில் எங்கேயும் இல்லை என்பதையும் கவனித்தேன். நம்பிக்கை எதுவாக இருந்தாலும் பிடிக்கும் விதம் ஒன்றுதான்.

நல்லாப் படிச்ச பொண்ணு. அவளுக்கு எப்படி இது தெரியாமப் போச்சு?

படிப்பு இதில் காப்பாற்றாது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் என்ற நச்சு வாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோ குழுவில் அறிவியல் படித்த இளைஞர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அன்று ரயிலில் அதைத் திறந்துவிட்டவர்களில் ஒருவர் இதய அறுவைச் சிகிச்சை மருத்துவர். உங்கள் மகளின் குழு அப்படிப்பட்டது என்று சொல்லவில்லை. அறிவுக்குறைவால்தான் இப்படிச் சிக்குகிறார்கள் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

எந்த நேரத்தில் அழைப்பு வந்தது என்று யோசியுங்கள். புது ஊருக்குப் போன புதிதில், காதல் முறிந்த மாதத்தில், நெருங்கியவர் இறந்தபின், தேர்வில் தோற்றபின் என்று ஏதாவது ஒன்று அநேகமாக இருக்கும். அந்த நேரத்தில் ஒரு கூட்டம் அன்பைக் கொட்டுகிறது. பெயர் சொல்லி அழைக்கிறது, பிறந்தநாளை நினைவு வைத்திருக்கிறது. குழுவில் சேர்கிறோம் என்று யாரும் சேர்வதில்லை. நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள் என்றுதான் போகிறார்கள்.

அப்புறம் சிறிய சிறிய சம்மதங்கள். 1966-இல் ஃப்ரீட்மேன், ஃபிரேசர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வீட்டு முன்பகுதியில் பெரிய, அசிங்கமான ஒரு போக்குவரத்துப் பலகையை வைக்கலாமா என்று கேட்டபோது 17 சதவீதம் பேர்தான் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்கு முன்பு அதே விஷயம் பற்றிய சின்னஞ்சிறு அட்டை ஒன்றை வைக்கச் சம்மதித்திருந்தவர்களில் 76 சதவீதம் பேர் சரி என்றார்கள். முதல் நாளே "வேலையை விடு, சம்பளத்தைக் கொடு" என்று கேட்டிருந்தால் உங்கள் மகள் ஓடி வந்திருப்பாள். முதல் நாள் கேட்டது ஒரு மணி நேரம்தான்.

நாங்க வளர்த்ததுல எங்கே தப்புப் பண்ணினோம்?

இதைக் கேட்காத பெற்றோரே இல்லை. அன்பான வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள், சண்டை நிறைந்த வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள். ஒரே வீட்டில் நான் போகவில்லை, தம்பி போனான். என் அம்மா இந்தக் கேள்வியிலேயே முதல் ஒரு வருடத்தைக் கழித்தார். அந்த ஒரு வருடத்தில் அவனிடம் பேசியிருக்கலாம் என்று இன்றும் வருந்துகிறார்.

மூளைச்சலவை பண்ணிட்டாங்கன்னு சொல்றாங்களே. இனிமே திரும்பவே மாட்டானா?

மூளைச்சலவை என்ற சொல்லை நான் தவிர்த்துவிடுவேன். அது பிள்ளையை ஒரு பொம்மையாக்கிவிடுகிறது. நாமும் பொம்மையிடம் பேசுவது போலவே பேச ஆரம்பித்துவிடுகிறோம். அழுத்தம் உண்மை, ஏமாற்று உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் ஆள் அழிந்துபோவதில்லை.

சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர், யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மதக்குழு 1979-இல் லண்டன் பகுதியில் நடத்திய பயிலரங்குகளுக்கு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி ஆராய்ந்தார். அவர்களில் சுமார் 10 சதவீதம் பேர்தான் குழுவில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் தாங்களாகவே விலகினார்கள். எல்லாக் குழுவுக்கும் இதே கணக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. கதவு உள்பக்கமிருந்து திறக்கும் என்ற நம்பிக்கையை எனக்குக் கொடுத்தது இந்த ஆய்வுதான்.

அந்தத் தலைவரைப் பத்தி வந்த செய்தியெல்லாம் சேர்த்து வச்சிருக்கேன். காட்டிடலாமா?

இப்போது வேண்டாம். என் அப்பாவும் ஒரு கோப்பு வைத்திருந்தார். வழக்குச் செய்திகள், விலகியவர்களின் பேட்டிகள், எல்லாம் தேதிவாரியாக. தம்பி ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது அதை மேசைமேல் பரப்பினார். தம்பி ஒரு தாளைக்கூடத் தொடவில்லை. "இப்படித்தான் செய்வீர்கள் என்று முன்பே சொன்னார்கள்" என்று மட்டும் சொன்னான். அதன்பின் பதினோரு மாதம் வரவில்லை.

குடும்பம் எதிர்க்கும், பொய்ச் செய்தி காட்டும், அதுதான் உனக்கு வரும் சோதனை என்று குழு முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறது. நீங்கள் கோப்பைத் திறக்கும் அந்த நிமிடம் அவர்கள் சொன்னது பலித்துவிடுகிறது. உங்கள் ஆதாரம் எவ்வளவு உறுதியோ அவ்வளவு உறுதியாக அவர்கள் தீர்க்கதரிசி ஆகிறார்கள்.

கோப்பைத் தூக்கி எறிய வேண்டாம், பத்திரமாக வைத்திருங்கள். ஒரு நாள் அவனே "அந்த வழக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பான். என் தம்பி ஐந்தாவது வருடம் கேட்டான். அப்போதும் அப்பா முழுவதையும் கொடுக்கவில்லை, கேட்ட ஒரு தாளை மட்டும் கொடுத்தார். அந்த மனிதருக்கு அது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்போ என்னதான் பேசறது? வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?

பேசுங்கள், நிறையப் பேசுங்கள். குழுவைப் பற்றிய பேச்சை மட்டும் நீங்களாக எடுக்க வேண்டாம். வீட்டில் குழாய் ஒழுகுவது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, பெரியப்பாவின் முட்டிவலி, அவன் பள்ளி நண்பனுக்கு வேலை கிடைத்தது என்று எதுவானாலும் சரி. இவை வெற்றுப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். குழு அவனுக்கு ஒரு புது அடையாளம் கொடுத்திருக்கிறது, சில இடங்களில் புதுப் பெயரே கொடுக்கிறார்கள். உங்களுடைய சாதாரணப் பேச்சுதான் பழைய ஆளைக் கூப்பிடுகிறது.

அவனாகக் குழுவைப் பற்றிச் சொன்னால் காது கொடுங்கள். பிறகு தெரிந்துகொள்வதற்காகவே கேளுங்கள்: "அங்கே உனக்கு ரொம்பப் பிடித்தது எது?", "எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய்?", "ஒருத்தருக்குத் தலைவர் சொல்வதில் உடன்பாடு இல்லையென்றால் எப்படிச் சொல்வார்கள்?" பதில் சொல்லும்போது அவனே அதைக் கேட்கிறான் அல்லவா? உடனே மடக்காதீர்கள். மடக்கத்தான் கேட்டீர்கள் என்று தெரிந்துவிட்டால் அடுத்த பதில் வராது.

1951-இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனை ஒன்று உண்டு. காட்டிய கோட்டுக்குச் சமமான நீளமுள்ள கோடு எது என்று கண்ணுக்கே தெரியும். ஆனால் அறையில் இருந்த மற்ற எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு தவறாகச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே சொன்னார்கள். சரியாகச் சொல்ல ஒரே ஒருவர் உடன் இருந்தபோது அந்தத் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்துபோனது. அவனுக்குள் என்றாவது "இது சரியில்லையோ" என்று தோன்றும்போது நினைத்துக்கொள்ள, வெளியே கத்தாத ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

பணம் கேட்கிறாள். கொடுக்கலையின்னா உறவே போயிடுமோன்னு பயமா இருக்கு.

கையில் பணம் கொடுக்காதீர்கள். அது அவளிடம் தங்காது. பல் மருத்துவருக்கு, கண்ணாடிக்கு, வீட்டுக்கு வந்துபோகும் பயணச்சீட்டுக்கு நேரடியாக நீங்களே கட்டுங்கள். "உனக்கு எது வேண்டுமோ செய்கிறேன், குழுவுக்குக் கொடுக்க எனக்கு மனம் இல்லை" என்று ஒரே ஒரு முறை, கோபமில்லாமல் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் விளக்கவுரை வேண்டாம்.

சொத்து, கூட்டுக் கணக்கு, அவள் பெயரில் உள்ள சேமிப்பு ஆகியவை பற்றி ஒரு வழக்கறிஞரிடம் சீக்கிரமே கேட்டு வையுங்கள். தள்ளிப் போட்டு இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: திரும்பி வரும் நாளில் அவளிடம் கையில் எதுவும் இருக்காது. அதற்கென்று கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள், அவளிடம் சொல்லாமல்.

நாங்களும் ஒரு தடவை கூட்டத்துக்கு வரணும்னு கூப்பிடறான். போகலாமா?

ஒரு நாள் கூட்டம், போய்விட்டு வீட்டுக்கே திரும்பலாம் என்றால் போகலாம் என்பது என் எண்ணம். அவன் உலகத்தை நீங்கள் கண்ணால் பார்த்ததாக ஆகும். தனியாகப் போகாதீர்கள். எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், அங்கே விவாதமும் வேண்டாம். நாள் கணக்கில் தங்கச் சொன்னால், போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றால், மறுத்துவிடுங்கள்.

"இனிமே உங்ககிட்ட பேச மாட்டேன்"னு சொல்லிட்டான். போனை எடுக்கறதே இல்லை.

அந்த வாக்கியம் அவனுடையதாக இல்லாமல் இருக்கலாம். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருக்கவும் கூடும். ஆகவே அதே சூட்டில் "அப்படியானால் எனக்கு மகனே இல்லை" என்று பதில் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டீர்களா? பரவாயில்லை, "கோபத்தில் சொன்னேன், அது உண்மையில்லை" என்று எழுதி அனுப்புங்கள்.

பிறகு மாதம் ஒருமுறை ஒரு சிறிய செய்தி. குறை இல்லை, கெஞ்சல் இல்லை, கேள்வியும் இல்லை. "மாடியில் உன் மல்லிகை பூத்திருக்கிறது" என்ற அளவில் போதும். பதிலை எதிர்பார்க்காதீர்கள். குழுவினரே படித்துவிட்டு அவனிடம் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். அதனால் யார் படித்தாலும் தவறு கண்டுபிடிக்க முடியாத மாதிரி எழுதுங்கள். போன் எண்ணை மாற்றாதீர்கள். வீடு மாறினால் முகவரியைத் தெரிவியுங்கள். அம்மா 11 மாதத்தில் 11 செய்திகள் அனுப்பினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. வெளியே வந்த பிறகு தம்பி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான்.

ஆள் வச்சுத் தூக்கிட்டு வந்து ரூம்ல வச்சுப் பேசினா சரியாயிடும்கிறாங்களே?

கூடவே கூடாது. 1970-களில் அமெரிக்காவில் டெட் பேட்ரிக் என்பவர் இதை ஒரு தொழிலாகவே செய்தார், அதற்காகச் சிறைக்கும் போனார். 1991-இல் அங்கே ஒரு தாய் தன் 18 வயது மகனை இப்படிப் பிடித்து வரச் செய்தார். அவன் அடங்கியது போல நடித்துத் தப்பித்தான். 1995-இல் நடுவர் குழு அவனுக்குச் சுமார் 50 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. ஜப்பானில் ஒருவரைக் குடும்பத்தாரே 12 ஆண்டுகளுக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். அவரும் வெளியே வந்து வழக்குப் போட்டு வென்றார்.

சட்டத்தை விடுங்கள். குழு அவனிடம் செய்வது என்ன? அவன் விருப்பத்தை மதிக்காமல் அழுத்துவது. நாமும் அதையே செய்தால் அவனுக்குத் திரும்பி வர எந்த இடம் மிச்சமிருக்கும்? இதையே தொழிலாகச் செய்கிறேன், உறுதியாக மீட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

போலீசுக்கு எப்போ போகணும்?

வயது வந்தவர், தானே விரும்பி இருக்கிறேன் என்று சொன்னால் காவல்துறை பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சில நேரங்களில் பொறுமை காக்கவே கூடாது. பிள்ளை வயது வராதவராக இருப்பது, அடி, பாலியல் அத்துமீறல், பூட்டி வைத்தல், கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ பிடுங்கி வைத்தல், உயிர் காக்கும் மருந்தை நிறுத்தச் சொல்லுதல், "சேர்ந்து போய்விடுவோம்" என்ற மாதிரியான சாவுப் பேச்சு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே போங்கள். முந்தைய பதில்களில் சொன்ன மென்மை எதுவும் இங்கே பொருந்தாது.

1978 நவம்பர் 18 அன்று கயானா நாட்டில் ஒரு மதக்குழுவின் குடியிருப்பான ஜோன்ஸ்டவுனில் 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் சுமார் 300 பேர் சிறுவர்கள். அதற்கு முன்பே உறவினர்கள் ஒன்றுகூடி அதிகாரிகளிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு நேரில் பார்க்கப் போன அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் லியோ ரயனும் கொல்லப்பட்டார். பெரும்பாலான குழுக்கள் இவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் பெற்றோர் பயந்து சொல்வதை யாராவது அலட்சியப்படுத்தினால், இன்னொரு கதவைத் தட்டத் தயங்காதீர்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, வந்த செய்தி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

அங்கேயே கல்யாணம் பண்ணிக்கிட்டா. குழந்தையும் இருக்கு. இப்போ என்ன செய்ய?

இது கடினமான நிலை. விலகினால் கணவனையும் குழந்தையையும் இழக்க நேரிடும் என்பதே அவளுக்கு இப்போது பெரிய பயம். ஆகவே மருமகனை எதிரியாக்காதீர்கள். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். அவர் பெற்றோரும் உங்களைப் போலவே எங்கோ விழித்துக்கொண்டிருக்கலாம். முடிந்தால் அவர்களைத் தேடிப் பேசுங்கள்.

பேரக்குழந்தையிடம் அதன் பெற்றோரின் நம்பிக்கையைப் பற்றிக் குறை சொல்ல வேண்டாம். அது அப்படியே வீட்டுக்குப் போய்ச் சேரும், அடுத்த முறை குழந்தையை அனுப்ப மாட்டார்கள். குழந்தைக்குப் படிப்போ மருத்துவமோ மறுக்கப்படுகிறது என்றால் மேலே காவல்துறை பற்றிச் சொன்னது பொருந்தும்.

அவன் சந்தோஷமா இருக்கேன்னு சொல்றான். ஒருவேளை நாங்கதான் தப்போ?

இருக்கலாம். இதைக் கேட்கும் பெற்றோரை நான் மிகவும் மதிக்கிறேன். நேரம் கடந்தபின் பார்த்து, இரண்டாவது கேள்வியில் சொன்ன அடையாளங்கள் இல்லை, "முடியாது" என்று அவனால் சொல்ல முடிகிறது, உங்களிடமும் நண்பர்களிடமும் இயல்பாகப் பேசுகிறான், கோபப்படுகிறான், சலித்துக்கொள்கிறான் என்றால், அவன் வேறு வழியில் வாழ்கிறான், அவ்வளவுதான். அதை ஏற்கத்தான் வேண்டும்.

என் தம்பியும் சந்தோஷமாக இருப்பதாகத்தான் சொன்னான். எப்போது கேட்டாலும், ஒரே வார்த்தைகளில். எனக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான். மனிதர்கள் ஒரு நாளாவது "இன்று கொஞ்சம் மனசு சரியில்லை" என்று சொல்வார்கள். அவன் ஐந்து வருடம் சொல்லவில்லை.

திரும்பி வந்துட்டான். ஆனா ஒண்ணுமே பேச மாட்டேங்கிறான். நாங்க என்ன பண்ணணும்?

"அன்றே சொன்னோமே" என்பதை நீங்களும் சொல்லாதீர்கள், உறவினரையும் சொல்ல விடாதீர்கள். அவன் வெறும் தவறு ஒன்றிலிருந்து வரவில்லை. நண்பர்கள், நோக்கம், சொர்க்கத்தின் உறுதி எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்து வந்திருக்கிறான். துக்கம் இருக்கும். விலகியதால் ஏதோ கேடு வரும் என்ற பயம் மாதக்கணக்கில் போகாது. இதில் பழக்கமுள்ள மனநல ஆலோசகர் கிடைத்தால் நல்லது. அவன் ஒப்புக்கொண்ட பிறகு மட்டும் அழைத்துப் போங்கள். குழுவில் இருந்த யாரையாவது பற்றி அவன் அன்போடு பேசினால் அதையும் கேளுங்கள், அந்த நட்பில் பாதி உண்மையானது.

சின்ன முடிவுகள்கூட அவனுக்குச் சிரமமாக இருக்கும். தம்பி வந்த புதிதில் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டான். "அக்கா, விளக்கை அணைக்கலாமா?" "அம்மா, குளிக்கப் போகட்டுமா?" அம்மா ஒவ்வொரு முறையும் "உன் இஷ்டம்ப்பா" என்று மட்டும் சொல்வார். ஏழாவது மாதம் ஒரு மாலை அவனைக் காணவில்லை. செருப்பும் இல்லை. அம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டது, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஒரு மணி நேரம் கழித்துச் சும்மா நடந்துவிட்டு வந்ததாகச் சொல்லி உள்ளே வந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. யாரிடமும் கேட்காமல் அவன் வெளியே போய் வந்தது அன்றுதான்.